சுருங்கிப்போச்சு என்று சொன்னவர்களுக்கு

என் மூளையை எனக்கு முன்னால் பார்த்தவர் என் நாத்தனார். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்கேன் அறைக்கு வெளியே, அந்தக் கறுப்பு ஃபிலிமை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கிடந்தேன். ஊசி போட்ட மயக்கம் இருந்தாலும் காது நன்றாகக் கேட்டது.

"பாருடா தம்பி, நடுவுல எம்மாம் பெரிய ஓட்டை. மூளை சுருங்கிப்போச்சு. தாள்லயும் அப்படித்தான் எழுதியிருக்குதாம், ஸ்கேன் எடுக்கற பையன் படிச்சி சொன்னான்."

"மெதுவா பேசுக்கா. அவ இங்கதான இருக்கறா."

"இருந்தா? அவளுக்கு இனிமே இன்னா புரியப் போவுது?"

புரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அது தெரிந்தே வைத்தது.

என் பெயர் மரகதம். பிறந்தது திருப்புட்குழி. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் தாயாரின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். செவிலிமேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருவார். மாமியார், மாமனார் இல்லை. அந்த இடத்தில் அவருடைய அக்கா. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, நினைத்த நேரத்துக்கு வந்துவிடுவார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு மதியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். "கீரையில வெஷம் கலக்கறா பாரு." நான் எழுந்து போய்த் தறிக்காரம்மாவிடம் கேட்டேன். "நானா? எனக்குப் பேச எங்கம்மா நேரம்?" என்று சிரித்தார். சரி, பிரமை என்று வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் பேச்சு. குளிப்பதை, சமைப்பதை, புருஷனோடு படுப்பதை எல்லாம் சொல்லிச் சொல்லிக் கேவலப்படுத்தியது. தறி ஓடுவதால்தான் இப்படிக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அமாவாசை வந்தது. அன்றைக்குத் தறிக்கு லீவு. தெருவே அமைதியாக இருந்தது. அப்போதும் அந்தக் குரல் வந்தது. எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

சாமி இறங்கியிருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறு வயதிலிருந்து தாயார் சன்னதியில் வளர்ந்தவள். என் தாயார் அந்த வார்த்தைகளைப் பேச மாட்டாள். கெட்ட வார்த்தை கேட்டால் அதைச் சாமி மேல் போடாதீர்கள். சாமிக்கும் மானம் உண்டு.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணியும் சந்தோஷப்பட்டார், வேறு காரணத்துக்கு. "மிஷினே சொல்லிடுச்சி, ஒன்னும் கிடையாதுன்னு. எல்லாம் நடிப்பு. வேலை செய்ய ஒடம்பு வளையல மகாராணிக்கு."

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளைப் படம் நன்றாக இருந்தபோது நான் நடிக்கிறவள். அது நன்றாக இல்லாதபோது நான் முடிந்துபோனவள். நடுவில் நான் ஒரு மனுஷி இருக்கிறேன் என்பது எந்தப் படத்திலும் விழவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு இளவயது டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியா என்றார். (மனச்சிதைவு நோய். இல்லாத குரல் கேட்கும், நடக்காதது நடப்பதாக மனம் நம்பும், நாளாக ஆக எதிலும் பிடிப்பு விட்டுப்போகும். பேயும் இல்லை, நடிப்பும் இல்லை.) ஸ்கேனில் தெரியாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இதை ஸ்கேன்ல பார்த்து சொல்ல முடியாதுங்க. கட்டி கிட்டி எதுவும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் ஸ்கேன்" என்றார். மாத்திரை எழுதினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

மாத்திரை வேலை செய்தது. குரல்கள் பக்கத்துத் தெருவுக்குப் போயின. பிறகு அடுத்த ஊருக்குப் போயின. கோலம் போட ஆரம்பித்தேன். சனிக்கிழமை பெருமாளுக்கு மாவிளக்கு போட்டேன். உடம்பு பெருத்தது, வாய் வறண்டது. பரவாயில்லை என்றிருந்தேன்.

அப்போதுதான் அண்ணி சொன்னார், "புத்தி தெளிஞ்சிடுச்சி. இனிமே ஒரு புள்ளை பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும். உங்க ஊர்த் தாயார்கிட்டவே போலாம் வா."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வேண்டுகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து, மடியில் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். காலையில் அவிழ்த்துப் பார்க்கும்போது பயறு முளைத்திருந்தால் தாயார் கொடுத்துவிட்டாள் என்று பொருள். வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். சின்ன வயதில் அந்தப் பெண்களுக்குக் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக் கொடுத்திருக்கிறேன். நானே மடியில் கட்டிக்கொள்வேன் என்று நினைத்ததில்லை.

எங்கள் அண்ணன் வீட்டில் தங்கினோம். காலையில் நான் கண் விழிப்பதற்குள் அண்ணி மடியை அவிழ்த்துவிட்டார். "முளைச்சிருக்குது! இதோ பாரு, வெள்ளையா மூக்கு தெரியுது." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. தாயார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் தீட்டு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மார்பு கனத்து வலித்தது. ஒரு நாள் ரவிக்கை நனைந்திருந்தது. அண்ணியிடம் சொன்னேன். அவர் என் தலையைப் பிடித்துத் திருஷ்டி கழித்தார். அதுவரை அவர் என்னை ஆசையாகத் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்யலாம் என்றார் வீட்டுக்காரர். அண்ணி விடவில்லை. "மூணு மாசம் முடியட்டும்டா. அதுக்குள்ள வெளிய சொல்லவும் கூடாது, குச்சி வெச்சிப் பார்க்கவும் கூடாது. கண்ணு பட்டுடும்." அதோடு அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார். "இந்த வெஷத்தை முழுங்கினா குழந்தை ஊனமாப் பொறக்கும். இனிமே கிடையாது." நான் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "குழந்தை வேணுமா, மாத்திரை வேணுமா?" என்று கேட்டார். எந்தப் பெண் என்ன சொல்வாள்?

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இதுதான். நான் தின்ற மாத்திரையில் சில பேருக்கு ப்ரோலாக்டின் ஏறும். (பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். உடம்புக்குள் ஓடும் ரசாயனம்.) அது ஏறினால் தீட்டு நிற்கும், மார்பு கனக்கும், பால்கூடக் கசியும். பிள்ளை இல்லாமலே. இதை எழுதிக் கொடுத்த டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் போனேனே, "தூக்கம் வருதா, குரல் வருதா" என்று கேட்டார்களே, "தீட்டு வருதா" என்று ஒருத்தர் கேட்டார்களா? கல்யாணமான பெண்ணுக்கு, பிள்ளைக்கு ஏங்குகிற வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு, முதலில் சொல்ல வேண்டியது அதுவல்லவா? இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

மாத்திரை நின்ற சில வாரத்தில் ரத்தம் வந்தது. நின்றுபோன தீட்டு திரும்ப வந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாவு விழுந்தது. கலைந்துவிட்டது என்று அண்ணி வாயில் அடித்துக்கொண்டு அழுதார். முன்னால் தின்ற மாத்திரைதான் கருவைக் கரைத்தது என்றார். அடுத்த ஊருக்குப் போயிருந்த குரல்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டன போலிருக்கிறது. சீக்கிரத்திலேயே வாசலுக்கு வந்தன. "கொன்னுட்டியே, கொன்னுட்டியே" என்றன. இல்லாத ஒரு குழந்தையைக் கொன்றவளாக நான் நடமாடினேன். சோறு இறங்கவில்லை. தெருவில் ஓடினேன். பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் விழுந்து தலையில் அடிபட்டது. அடிபட்டதற்காகத்தான் இரண்டாவது ஸ்கேன். முதலில் சொன்ன ஃபிலிம் அதுதான்.

இந்த முறை வேறு டாக்டரம்மா. தலை நரைத்தவர். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், "கடைசியா எப்போம்மா மாத்திரை போட்டீங்க?" என்று. எனக்குப் பதில் வர நேரமானது. அண்ணி வாய் திறந்தார். டாக்டரம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்தேன். கசிந்த பாலைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"குழந்தை இருந்ததே இல்லம்மா. ரத்தத்துல பார்த்துட்டோம். அது மாத்திரையோட வேலை. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு."

எங்க தப்பு என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுதேன். அண்ணிக்கு அதில் அக்கறை இல்லை.

"அது கெடக்கட்டும் டாக்டர். மூளை சுருங்கிப்போச்சாமே, அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மா ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நடுவில் இருந்த கறுப்பு இடத்தைக் காட்டினார். "இது ஓட்டை இல்லங்க. வென்ட்ரிக்கிள்." (மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறை. எல்லாருக்கும் உண்டு.) "இந்த நோய் உள்ள பல பேருக்கு இந்த அறை கொஞ்சம் பெருசா இருக்கும். சுத்தி இருக்கற சாம்பல் படலம் கொஞ்சம் மெலிசா இருக்கும்." (மூளையின் மேல் அடுக்கு. நினைப்பதும் திட்டமிடுவதும் அங்கே.) "சில பேருக்கு நோய் தெரியறதுக்கு முன்னாடியே அந்த வித்தியாசம் இருக்குது. பொதுவா முதல் சில வருஷத்துலதான் அதிகம் மாறும். அப்புறம் நிறைய பேருக்கு மெதுவாயிடும். சில பேருக்கு மாறறதே இல்ல."

"முதல் ஸ்கேன்ல நார்மல்னாங்களே?" என்றார் வீட்டுக்காரர்.

"அது வேற மிஷின், வேற ஆள் பார்த்தது. அதையும் இதையும் பக்கத்துல வெச்சி இவ்ளோ குறைஞ்சிதுன்னு நான் சொல்ல மாட்டேன். நெறைய பேரோட படத்தை ஒன்னா சேர்த்துப் பார்த்தாதான் இந்த வித்தியாசமே தெரியுது. ஒத்தை ஆள் படத்தை வெச்சி இவங்க எப்படி இருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

நான் கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "இன்னும் சுருங்காம இருக்க, நான் இன்னா செய்யணும்?"

"மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. வைத்தியம் இல்லாம சைக்கோசிஸ் நீண்டுக்கினே போனா," (குரலும் பொய் நம்பிக்கையும் மனசை முழுக்கப் பிடித்துக்கொள்ளும் நிலை) "மீண்டு வர்றது கஷ்டமாயிடுது. மாத்திரையாலயும் படலம் கொஞ்சம் மெலிசாகலாம்னு ஆராய்ச்சி செய்யறவங்க சொல்றாங்க. அதையும் மறைக்க மாட்டேன். அதனாலதான் வேணுங்கற அளவு மட்டும் குடுப்போம். ஆனா நிறுத்தினா நோய் எடுத்துக்கறது ஜாஸ்தி."

அண்ணி அந்த நீளமான பேச்சிலிருந்து இரண்டு வார்த்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டார். மூளை மெலியுது. மாத்திரையாலயும் மெலியுது.

எனக்குக் கோபம் பெருமாள் மேலேயே வந்தது. நோயும் கொறிக்கும், மருந்தும் கொறிக்கும் என்றால் நான் எங்கே போவேன்? டிஸ்சார்ஜ் ஆன சனிக்கிழமை பெரிய பெருமாள் கோயிலுக்குப் போய், படியேறி நின்று, வாய்விட்டே கேட்டேன். "ஊருக்கெல்லாம் வரம் குடுக்கற. எனக்கு ரெண்டு வாய்க்கு நடுவுல ஒரு தலையைக் குடுத்திருக்கற. இது நியாயமா?" பட்டர் திரும்பிப் பார்த்தார். துளசித் தீர்த்தம் கொடுத்தார். குடித்தேன். சண்டை போட்டேனே தவிர விட்டுவிட்டு வரவில்லை.

அடுத்த வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை. அண்ணி வந்தார். திருப்புட்குழியிலிருந்து எங்கள் அண்ணனை வரவழைத்திருந்தார். என்னை அடுப்படியிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் கூடத்துக்கு வந்து, கதவோரம் கீழே உட்கார்ந்தேன்.

"பாருங்க சம்பந்தி, உங்க தங்கச்சி மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது," என்று அண்ணி ஆரம்பித்தார். "ஆனா மூளையே பாதி இல்லன்னு ஆயிடுச்சி. தம்பிக்கும் வயசு போவுது. ஒரு வாரிசு வேணுமா வேணாமா? கொஞ்ச காலம் உங்க வூட்டுல இருக்கட்டும். இவன் வந்து பார்த்துக்கினு இருப்பான்."

கொஞ்ச காலம் என்றால் என்ன என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். தம்பிக்கு வேறு பெண்ணைக்கூட அண்ணி பார்த்து வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். "எங்க வூட்டுலயும் இடம் கம்மிங்க. அதுவும் கொழந்தைங்க இருக்கற எடத்துல..." அவர் முடிக்கவில்லை. கூடப் பிறந்தவர். என்னைத் தோளில் தூக்கிக் கருட சேவை காட்டியவர். என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். அண்ணி பேசியதைவிட அதுதான் என்னை எரித்தது.

நான் பேச ஆரம்பித்தேன். "நான்..." என்றேன். அடுத்த வார்த்தை தெரியும், வாய்க்கு வரவில்லை. நோய்க்குப் பிறகு அப்படித்தான்.

"அவ போறேன்னுதான் சொல்ல வர்றா," என்றார் அண்ணி.

"நான் போ..."

"பார்த்தீங்களா, போறேன்றா. பாவம், அவளுக்கே தெரியுது."

என் வீட்டுக்காரர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அக்கா வளர்த்த பிள்ளை, அக்கா எதிரில் சத்தம் போட்டதே கிடையாது. தலையைத் தூக்கினார்.

"அக்கா. இரு. அவ இன்னும் முடிக்கல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்து வெகு நாளாகிவிட்டது. நான் மூச்சு வாங்கினேன்.

"நான் போவ மாட்டேன். இது என் வூடு. மாத்திரையை நிறுத்துனது நானில்ல, நீங்க. எனக்கு நோவு இருக்குது. மூளை பாதி இல்லன்னு டாக்டரம்மா சொல்லல. அவங்க சொன்னதை நானும்தான் கேட்டேன். உங்களைவிட நல்லா கேட்டேன். என் தலை சம்பந்தமா இனிமே எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு பேசுங்க."

சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானதோ. காபி ஆறிவிட்டது. நடுவில் யாரும் குறுக்கே வரவில்லை.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பொண்டாட்டி பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிட்டான். போதும்டா சாமி."

"சாப்புட்டுட்டுப் போக்கா. வத்தக்குழம்பு," என்றார் வீட்டுக்காரர்.

"உன் குழம்பை நீயே குடி." போய்விட்டார். பொங்கலுக்கு வந்தார். வந்ததும் கேட்டார், "ஸ்கேன் மறுபடி எடுத்தீங்களா, எவ்ளோ சுருங்கியிருக்குது?" எடுக்கவில்லை. தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மாத்திரையை மாற்றிவிட்டார்கள். இதில் தீட்டு ஒழுங்காக வருகிறது. பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பார்த்துச் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அது நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்ய வேண்டியது. இதைப் படிக்கிற பெண்களே, இப்படி மாத்திரை தின்று தீட்டு நின்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். யாருக்காகவும், எந்த வேண்டுதலுக்காகவும் நிறுத்தாதீர்கள். எந்தச் சாமியும் அதைக் கேட்காது.

எனக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர்கூட, நான் சும்மா உட்கார்ந்திருந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். என் காலை நேரம் மற்றவர்களின் காலையைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. பூ கட்டும்போது விரல் நடுங்குகிறது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சில நாள் கை அங்கேயே நின்றுவிடும். இந்த எலும்புக்குக் கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் தலைக்குள் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது. யாரும் உங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கேள்வி என் காதில் விழுந்து, உள்ளே போய், பதிலாகத் திரும்பி வருவதற்குள் உலகம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் வெட்கப்பட்டுச் சிரித்துச் சமாளிப்பேன். இப்போது அப்படி இல்லை.

போன சனிக்கிழமை கோயில் பிராகாரத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "இன்னா மரகதம், இப்போ எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் நடக்க ஆரம்பித்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டல்ல? நில்லு. சொல்றேன்."